காய்ச்சல் விட்ட நாளில்தான் கண்விழிக்க வேண்டும்

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறோம். 62 வயதாகும் என் அம்மாவுக்கு டெங்கி உறுதியாகியிருக்கிறது. மருத்துவர் வீட்டிலேயே இருந்து தினமும் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் நாளான இன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் தட்டணு (இரத்தம் உறைய உதவும் அணு) எண்ணிக்கை 84,000-க்கு இறங்கியிருக்கிறது. பெரியம்மா தேக்காவிலிருந்து பப்பாளி இலை வாங்கி வந்து சாறு கொடுக்கிறார். அது போதுமா, தட்டணு ஏற்றச் சொல்லிக் கேட்கலாமா? உடம்பு வலிக்கு அம்மா வழக்கமாகப் போடும் மூட்டுவலி மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: இவருக்கு அன்றே பதில் அனுப்பிவிட்டேன். இதே குழப்பம் பல வீடுகளில் இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எல்லாரும் தட்டணுவையே பார்க்கிறார்கள். நான் முதலில் பார்த்தது 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்ற வரியை. மற்றக் காய்ச்சல்களில் அது நல்ல செய்தி. டெங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் சூடு தணியும்போது, சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிடும். குழாயில் மிஞ்சும் இரத்தம் கெட்டியாகும். இரத்த அழுத்தம் விழும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். டெங்கியில் உயிர் போவது இரத்தப்போக்கால் மட்டுமல்ல, பல நேரங்களில் இந்தக் கசிவால்தான். 'அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்' என்று எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் நாளில்தான் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை: விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், மூச்சுத் திணறல், கைகால் சில்லிடுதல், வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது பதற்றம். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும் அதே கணக்குத்தான். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த நாள் பரிசோதனைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மயக்கம் வந்தால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.

இனி, தட்டணு. 84,000 என்பது குறைவுதான், டெங்கியில் எதிர்பார்க்கக்கூடியதும்தான். இரத்தப்போக்கு இல்லாதவருக்குத் தட்டணு ஏற்றுவதால் பயனுண்டா என்று சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளிலேயே 372 பெரியவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவுகள் வெளிவந்தன. எண்ணிக்கை 20,000-க்கு இறங்கியவர்களுக்குக்கூட, முன்கூட்டியே ஏற்றியதால் இரத்தப்போக்கு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. மருத்துவர் ஏற்றவில்லை என்றால் அதைக் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள்.

பெரியம்மாவின் அன்பைக் குறை சொல்ல மாட்டேன். பப்பாளி இலைச் சாற்றால் தட்டணு சற்று விரைவாக ஏறியதாகச் சிறிய ஆய்வுகள் சில உண்டு. உயிரைக் காத்ததாக நிறுவப்படவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்குத் தட்டணு தானாகவே ஏறும். அதே நேரத்தில் சாறும் குடித்திருந்தால், காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். என் கவலை வேறு: அந்தக் கசப்பு வாந்தியைக் கிளப்பினால், உள்ளே போன கொஞ்சநஞ்ச நீரும் வெளியே வந்துவிடும். அதற்குப் பதில் உப்பிட்ட கஞ்சி, இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூட்டுவலி மாத்திரை வேண்டவே வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். வலிக்குப் பாரசிட்டமால் மட்டுமே, அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். டெங்கியில் கல்லீரலும் அடிவாங்கும். அம்மா இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. காய்ச்சல் நாள்களில் அம்மாவைக் கடித்த ஏடிஸ் கொசு சுமார் 8 முதல் 12 நாளில் மற்றவருக்குக் கிருமியைப் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். அது அழுக்குச் சாக்கடையைவிட, வீட்டிலும் சுற்றிலும் தேங்கும் தெளிந்த நீரில்தான் பெரும்பாலும் முட்டையிடும். 20 காசு நாணயத்தின் அகலத்துக்குத் தேங்கிய நீரே போதும். துளசித் தொட்டியின் அடித்தட்டு, சாமி மேடையில் மாற்றாமல் கிடக்கும் செம்பு, துணி காயப்போடும் மூங்கில் கழியைச் செருகும் குழாய் ஆகியவற்றை இன்றே பாருங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் பிழைக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.