வேதாகமத்தின் தானியேல் புத்தகத்தில் வரும் எழுபது வாரத்தில் இன்னும் ஏழு ஆண்டு பாக்கி என்கிறார்களே, அந்தக் கணக்கு எப்படி வருகிறது? நம்பலாமா?

கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஆனால் எந்த ஆண்டில் எண்ணத் தொடங்குவது, ஓர் ஆண்டுக்கு எத்தனை நாள், நடுவில் எண்ணிக்கை நிற்குமா என்பதையெல்லாம் கணக்குப் போடுபவரே முடிவு செய்துகொள்கிறார். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

தானியேல் 9:24-27இல் வரும் ஒரு வாரத்தை ஏழு ஆண்டாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மொத்தம் 490 ஆண்டுகள். எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளை முதல் மேசியா வரை 69 வாரம், அதாவது 483 ஆண்டு. எந்தக் கட்டளை? பாரசீக ராஜா கோரேஸ் கி.மு. 538இல் கொடுத்தது என்றால் கணக்கு கி.மு. 55இலேயே நின்றுவிடும். எஸ்றா 7இல் உள்ளதை கி.மு. 457 என்று வைத்தால் கி.பி. 27 வரும், இயேசு ஞானஸ்நானம் பெற்ற காலத்துக்குப் பொருந்துகிறது. நெகேமியா 2இன் கி.மு. 445இல் தொடங்கினால் கி.பி. 39. அதற்குள் இயேசுவுக்குத் தண்டனை விதித்த ரோமத் தேசாதிபதி பிலாத்து பதவியிலேயே இல்லை! எனவே 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஆண்டர்சன் ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்து, 1,73,880 நாள் எண்ணி, கி.பி. 32இல் கொண்டுவந்து நிறுத்தினார். (இவர் லண்டன் போலீஸ் உயர் அதிகாரி.) வெளிப்படுத்தின விசேஷத்தில் 42 மாதமும் 1260 நாளும் ஒரே காலமாக வருவதால் 360க்கு ஓர் ஆதாரம் உண்டு. ஆனால் கி.மு. 457இல் தொடங்குபவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

சரி, பாக்கி ஏழு ஆண்டு? 69ஆம் வாரம் முடிந்ததும் கடிகாரம் நின்றுவிட்டது, சபையின் காலம் முடிந்து, யுகமுடிவுக்கு முந்தைய உபத்திரவ காலத்தில் மறுபடி ஓடும் என்பது ஒரு விளக்கம். 19ஆம் நூற்றாண்டுப் போதகர் ஜான் நெல்சன் டார்பியின் வழிவந்த போதகர்களால் பரவியது. அதற்காக முழுக்க அவருடைய கற்பனை என்று சொல்லிவிட முடியாது. கடைசி வாரத்தைப் பிரித்து யுகமுடிவில் வைத்தவர் 3ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் ஹிப்போலிட்டஸ். இன்னொரு பக்கம், கி.மு. 167இல் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்திய செலூக்கிய மன்னன் அந்தியோகஸ் எப்பிபானேஸோடு எழுபது வாரமும் முடிந்தது என்பார்கள் பல வேதாகம அறிஞர்கள். அதற்கும் 490 ஆண்டு நேராகப் பொருந்தாது.

எனக்கு இடைவெளி விளக்கம் ஏற்பில்லை. எழுபது வாரம் என்று தொடர்ச்சியாகச் சொன்ன வசனத்தில், அந்த எழுபது வாரத்தையும் விட நீளமான இடைவெளியை நுழைப்பது எனக்கு ஒட்டவில்லை.

யாராவது இதை வைத்து இயேசுவின் இரண்டாம் வருகையின் தேதியே சொன்னால் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரை நினைத்துக்கொள்ளுங்கள். தானியேல் 8:14இன் 2300 நாளை ஆண்டுகளாக்கி, அதே கி.மு. 457இலிருந்து எண்ணினார். அவருடைய ஆதரவாளர்கள் கடைசியாகக் குறித்த நாள் 1844 அக்டோபர் 22. தொடக்க ஆண்டு நன்றாகப் பொருந்தியும் அந்த நாள் சும்மாதான் கடந்து போனது.

நீங்களே சோதிக்க வேண்டுமென்றால் எஸ்றா 7ஐயும் நெகேமியா 2ஐயும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதலாவது கடிதம் பெரும்பாலும் ஆலயச் செலவையும் நியாயாதிபதிகளையும் பற்றியது. நகரத்தைக் கட்டும் பேச்சு வெளிப்படையாக வருவது இரண்டாவதில்.