தொப்பூர் இறக்கத்தில் கார் கண்ணாடியில ஈரம் படியுது, ஏசி பட்டன் திரைக்குள்ளே: பதில்

மழையில கிருஷ்ணகிரி–சேலம் போறப்ப தொப்பூர் இறக்கத்துல காரோட முன் கண்ணாடியில ஈரம் படிஞ்சு மறைச்சுக்குது, ஏசியை மாத்த டச் ஸ்கிரீன்ல மூணு தட்டு தட்டணும்னு கேட்டிருந்தீங்க.

முதல்ல ஈரம் எந்தப் பக்கம்னு பாருங்க. வைப்பர் ஒரு தடவை ஓடினதும் தெளிஞ்சா வெளிப்பக்கம்: ஏசி குளிர்ல கண்ணாடி சில்லிட்டிருக்கு. வெப்பநிலையை ஏத்தி, காத்தைக் கால் பக்கம் திருப்புங்க.

வைப்பர் ஓடியும் தெளியலைன்னா உள்பக்கம். இங்கதான் பலர் ஏசியை அணைச்சிடறாங்க. அணைக்காதீங்க, காத்துல இருக்கிற ஈரத்தை வடிக்கிறதே ஏசிக்குள்ள இருக்கிற குளிர் காயில்தான். ஏசி ஆன், ரீசர்குலேஷன் (உள்ளே இருக்கிற காத்தையே சுத்த விடறது) ஆஃப், காத்து கண்ணாடிக்கு, ஃபேன் வேகமா, வெப்பநிலை கொஞ்சம் கூட.

இத்தனையும் திரையில தேட வேண்டாம். பெரும்பாலான கார்கள்ல கண்ணாடி ஈரத்தைப் போக்குற டீஃபாக்கருக்குத் தனி பட்டன் இருக்கும். வளைஞ்ச கண்ணாடிப் படத்துல நெளி அம்பு இருந்தா முன்பக்கம், செவ்வகத்துல இருந்தா பின்பக்கம். அதை அழுத்தின பிறகும் ரீசர்குலேஷன் விளக்கு எரியுதான்னு வண்டி நிக்கிறப்பவே ஒரு தடவை சோதிச்சுக்கோங்க. சில மாடல்ல அது தானா அணையாது. தனி பட்டனே இல்லைன்னா, ஸ்டீயரிங்ல நாமே அமைச்சுக்கிற பட்டன் இருந்தா டீஃபாக்கரை அதுல போடுங்க. அதுவும் இல்லையா, இறக்கத்துக்கு முன்னாடி வர்ற பாளையம் டோல்கேட்லயே எல்லாத்தையும் செட் பண்ணிட்டு இறங்குங்க. வளைவுல திரையைப் பார்க்கிற வடிவமைப்பே தப்பு. ஐரோப்பாவுல கார் பாதுகாப்பைச் சோதிச்சு மதிப்பெண் போடுற யூரோ என்கேப்கூட 2026 முதல் வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் மாதிரி சிலதுக்கு நிஜ பட்டன் இல்லைன்னா மதிப்பெண்ணைக் குறைக்குது. ஏசி அந்தப் பட்டியல்ல இல்லைங்கறது வேற கதை.

உள்கண்ணாடியில எண்ணெய்ப் படலம் இருந்தா ஈரம் சீக்கிரம் ஒட்டும். மைக்ரோஃபைபர் துணியால துடைங்க, உள்ளே வர்ற காத்தை வடிகட்டுற கேபின் ஃபில்டரையும் பாருங்க. ஈரமான கால்மிதியை வெளியே எடுத்துக் காயப்போடுங்க.