கண் கெட்ட பிறகு போட்ட கதவு சாட்சியாகுமா?

கேள்வி: அட்லாண்டாவில் வசிக்கிறேன். மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மாவை (வயது 67) சென்ற நவம்பரில் ஆர்லாண்டோவில் ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப் போயிருந்தோம். இரவு திரும்பும்போது, கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவிடும் டிராம் எங்கள் வரிசைக்கு அருகே ஊர்ந்தது. நின்றுவிட்டது என்று நினைத்து அம்மா எழுந்தார். வண்டி வெடுக்கென்று நகர, கதவில்லாத பக்கமாகத் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஊர் திரும்பிவிட்டார். ஏப்ரலில் அங்கே போன தோழி, எல்லா டிராம்களிலும் இப்போது கதவு இருக்கிறது என்கிறாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது போல, தவறு தங்களுடையது என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே ஆகிறது? மருத்துவச் செலவைத் தருவதாகச் சொல்லி ஒரு படிவமும் அனுப்பியிருக்கிறார்கள். அன்று எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் படிவம். அதன் மூன்றாம் பத்தியில், இந்த நிகழ்வு தொடர்பான எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன் என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் அம்மா கையெழுத்திட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.

இனி கதவு. நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் ஆர்லாண்டோ இருக்கும் பிளாரிடா மாநிலத்தின் சாட்சியச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. விபத்துக்குப் பிறகு செய்த பாதுகாப்பு ஏற்பாட்டைக் கவனக்குறைவுக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது என்கிறது பிரிவு 90.407. வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனாலும் அங்கே விதி 407 ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. காரணம் எளிது. கதவு போட்டால் அதுவே தனக்கு எதிரான வாக்குமூலமாகும் என்று நிறுவனம் பயந்தால், கதவே போடாது. அடுத்த பாட்டியும் விழுவார். கண் கெட்ட பிறகு செய்யும் சூரிய நமஸ்காரத்துக்கும் சட்டம் ஒரு மரியாதை வைத்திருக்கிறது.

அதே பிரிவில் சந்தும் உண்டு. இந்த வகை டிராமில் கதவு பொருத்தவே முடியாது என்று அவர்கள் வாதாடினால், அது பொய் என்று காட்டக் கதவைக் கொண்டுவரலாம். அனுபவமுள்ள எதிர்த்தரப்பு வக்கீல் அப்படி வாயைக் கொடுக்கமாட்டார். ஆகவே அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

நான் நம்புவது உங்கள் நான்காவது படத்தை. காலை 9.40க்கு எடுத்தது, பேரன் பலூனோடு நிற்கிறான். அவன் தோளுக்குப் பின்னால் ஒரு டிராம். முதல் இரண்டு பெட்டிகளில் இடுப்பளவு மஞ்சள் கதவு தெரிகிறது. மூன்றாவதில் கதவு இல்லை. ஆனால் தூணில் கீல்தகடு இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள், நான்கு போல்ட்டுகளை எண்ணலாம். அதாவது, அம்மா விழுந்த அன்று காலையிலேயே கதவு மாட்டும் வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. மேலே சொன்ன தடை விபத்துக்குப் பிந்தைய ஏற்பாட்டுக்குத்தான். முன்னதாகவே மாட்டிய கதவுக்கு அது பொருந்தாது. ஆபத்து தெரிந்திருந்தும் பாதி வண்டிகளைத் திறந்தபடி ஓட்டினார்கள் என்று ஜூரிமுன் சொல்லலாம். கதவுக்கு ஆர்டர் கொடுத்த தேதி, பணிமனைப் பதிவேடு, முந்தைய விபத்து அறிக்கைகள் ஆகியவற்றை வழக்கு தொடுத்தபின் கேட்டு வாங்க முடியும். வால்ட் டிஸ்னி வேர்ல்டின் டிராம்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே கதவு வந்துவிட்டது என்பதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு முடிந்தது இவர்களுக்கு ஏன் முடியவில்லை என்று கேட்க உதவும்.

எதிர்த்தரப்பு பிடிக்கப்போவது வேறு இடம்: வண்டி நிற்கும் முன் அம்மா எழுந்தார். 2023 மார்ச் 24 முதல் நடப்பில் உள்ள பிளாரிடா சட்டத் திருத்தத்தின்படி, தவறில் காயம்பட்டவரின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு டாலர்கூடக் கிடைக்காது. அதற்குக் குறைவென்றால் அந்த அளவு கழியும். வண்டி நிற்கும்வரை உட்காருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னோம் என்பார்கள். ஆங்கிலமும் ஸ்பானியமும் அறியாத அம்மாவுக்கு அது வெறும் சத்தம் என்பது நம் பதில்.

சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஏன் பிடித்து உட்கார வைக்கவில்லை என்று உங்கள் பெயரையும், தவறில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஜூரி எழுதும் தீர்ப்புப் படிவத்தில் ஏற்றப் பார்ப்பார்கள். உங்கள்மேல் வழக்கு இல்லாவிட்டாலும் இங்கே அதற்கு இடமுண்டு. உங்களுக்கு எழுதும் சதவீதம் அம்மாவின் தொகையிலிருந்து போகும். ஒரு காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. 1971இல் டிஸ்னியின் கார் பந்தயச் சவாரியில் ஒரு பெண் காயமடைந்தார். அவர் பங்கு 14, பின்னாலிருந்து மோதிய வருங்காலக் கணவரின் பங்கு 85, டிஸ்னியின் பங்கு 1 என்றது ஜூரி. ஆனால் நஷ்டத்தில் 86 சதவீதத்தை டிஸ்னிதான் கட்ட வேண்டியிருந்தது; 1987இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2006இல் சட்டமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. இன்று அவரவர் பங்கை அவரவர் கட்டினால் போதும்.

வழக்கு தொடுக்கும் காலக்கெடுவும் அதே 2023 திருத்தத்தில் நான்கு ஆண்டிலிருந்து இரண்டாகச் சுருங்கியது. அடுத்த ஆண்டு நவம்பருக்குள் வழக்கு பதிவாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து கெடுவை நிறுத்தாது. கேமரா பதிவுகளுக்கு அவ்வளவு ஆயுள்கூடக் கிடையாது. அழிக்காமல் வைக்கும்படி வக்கீல் கடிதம் இந்த வாரமே போகட்டும். பெரும்பாலான வக்கீல்கள் வெற்றி பெற்றால்தான் கட்டணம் வாங்குவார்கள். நிறுவனம் வழக்குக்குப் பதில் தாக்கல் செய்யும்முன் விவகாரம் முடிந்தால் வழக்கமான உச்சவரம்பு கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு 40 சதவீதம். வக்கீலோடு போட்ட ஒப்பந்தம் பிடிக்காவிட்டால் மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம். அம்மா இதற்காக விமானம் ஏற வேண்டுமா என்ற கவலை இப்போது வேண்டாம். மதுரையிலிருந்தே காணொளி வழியாக வாக்குமூலம் தர ஏற்பாடு கேட்கலாம்.

டிக்கெட்டைச் செயலியில் வாங்கியிருந்தால் அதன் நிபந்தனைகளையும் அனுப்புங்கள்; நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்று அதில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம். 2024இல் ஓர் உணவக மரண வழக்கில், இறந்தவரின் கணவர் முன்பு எடுத்த டிஸ்னி பிளஸ் (இணையவழித் திரைப்படச் சேவை) சந்தாவின் நிபந்தனைகளைக் காட்டி, நீதிமன்றம் வேண்டாம், நடுவர் தீர்ப்புக்கு வாருங்கள் என்று டிஸ்னி கேட்டது. ஊரே சிரித்தபின்தான் பின்வாங்கியது.

கடைசியாக, அந்த நான்காவது படம். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி போதாது, எடுத்த நேரம் அதில் அழிந்துபோயிருக்கும். கைபேசியில் உள்ள மூலக் கோப்பு வேண்டும். படம் எடுத்தது உங்கள் கணவர் என்றால், புதுக் கைபேசி வாங்கும் யோசனையைச் சற்றுத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.