கொல்லையில் ஒரு பழமரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உப்பனாற்றுக்கு அருகில் புதிதாக வீடு கட்டியிருக்கிறோம். 40க்கு 60 அடி மனையில் பின்புறம் 20 அடி அகலத்துக்கு இடம் எஞ்சியிருக்கிறது. மா, எலுமிச்சை, மாதுளை, சப்போட்டா, கொய்யா ஆகிய ஐந்தையும் வைக்க ஆசை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சற்றே கரிக்கிறது. எத்தனை அடி இடைவெளி விட வேண்டும்?
வாசகர் ஒருவர், கடலூர் முதுநகர்

பதில்: தாங்கள் இடைவெளியைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் தங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது கரிக்கும் தண்ணீர்தான். கன்று வாங்கப் புறப்படுவதற்கு முன் மண்ணையும் நீரையும் ஒரு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உவர்த்தன்மையை அறிந்துகொள்ளுங்கள். நாக்குக்கு 'சற்றே' என்று தோன்றும் கரிப்பு எலுமிச்சையின் வேருக்கு மிக அதிகமாக இருக்கக்கூடும்.

எலுமிச்சையும் மாவும் உப்பைத் தாங்காதவை. இலை நுனி கருகத் தொடங்கி, அந்தக் கருகல் ஓரமாக உள்நோக்கிப் பரவும். அதைச் சத்துக் குறைபாடு என்று எண்ணி மேலும் உரமிட்டால் உரத்திலுள்ள உப்பும் சேர்ந்து நிலைமை மோசமாகும். மாதுளையின் சிக்கல் வேறு. அது உப்பை ஓரளவு தாங்கிவிடும்; ஆனால் வறண்ட காற்றை விரும்பும் மரம் என்பதால் நம் கடற்கரையின் ஈரக் காற்றில் காய்களில் புள்ளியும் அழுகலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். இந்த மூன்றையும் விட்டுவிடும்படி மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

எஞ்சிய இரண்டும் தங்கள் மனைக்கென்றே அமைந்தவை. சப்போட்டா உப்பையும் கடற்காற்றையும் பொறுத்துக்கொள்ளும். ஆண்டின் பெரும்பகுதியில் மரத்தில் காய் இருந்துகொண்டே இருக்கும். அதிகம் உயராத பெரியகுளம் 1 ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். கொய்யாவில் லக்னோ 49 போதும். கவாத்து செய்து செய்து கைக்கெட்டும் உயரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். சப்போட்டாவுக்கும் கொய்யாவுக்கும் இடையே 20 அடி விடுங்கள். ஐந்து மரங்களை நெருக்கி வைத்து நிழலை மட்டும் அறுவடை செய்வதைவிட, இரண்டு மரங்கள் நான்கு பக்கமும் வெயில் வாங்கிக் காய்ப்பது மேல்.

உவர்நீரைப் பயன்படுத்துவதிலும் ஒரு முறை உண்டு. நாள்தோறும் மண்ணின் மேல்பரப்பு நனையும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால், நீர் ஆவியாகிவிட உப்பு மட்டும் மேலே தங்கும். இடைவெளி விட்டு, வேருக்குக் கீழேயும் இறங்கும்படி நிறைய ஊற்ற வேண்டும். தூரைச் சுற்றிக் காய்ந்த இலையையும் தென்னை மட்டையையும் மூடாக்காகப் பரப்புங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஐப்பசி, கார்த்திகை மழை. மாடியில் விழும் மழைநீரைத் தெருவுக்கு அனுப்பாமல் கொல்லைக்குத் திருப்பிவிட்டால், ஓராண்டில் சேர்ந்த உப்பில் பெரும்பங்கு வேர் மண்டலத்துக்குக் கீழே கரைந்து போய்விடும். நீர் மூன்று நாளுக்கு மேல் தேங்காதபடி வடிகால் மட்டும் இருக்க வேண்டும்.

கேள்வி: என் பிறந்த ஊர் பண்ருட்டிக்கு அருகில். எங்கள் வீட்டுப் பலாமரத்தின் சுளைக்கு ஈடாக எங்கும் நான் உண்டதில்லை. அந்தப் பழத்தின் கொட்டையை இங்கே விதைத்தால் அதே ருசி வருமா? எத்தனை ஆண்டில் காய்க்கும்?
வாசகி ஒருவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வரும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், அம்மா. ஆனால் பலா அயல் மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது. கொட்டைக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தாயின் குணம் பாதி, எங்கிருந்தோ வந்த மகரந்தத்தின் குணம் பாதி. ஒரே பழத்தின் பத்துக் கொட்டைகள் பத்து விதமான மரங்களாகலாம். அவை காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். காய்த்த பிறகுதான் சுளை எப்படியென்று தெரியும்.

அந்த ருசிதான் வேண்டும் என்றால் அந்த மரத்தையே இங்கே கொண்டுவர வழி இருக்கிறது. கொட்டையை ஏதேனும் ஒரு பழத்திலிருந்து எடுத்து, உலரவிடாமல் உடனே பையில் ஊன்றுங்கள். உலர்ந்த பலாக்கொட்டை முளைக்காது. தங்கள் வீட்டு மரத்தில், பென்சில் பருமனுள்ள இளங்குச்சிகளைத் தேர்ந்து, வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். நுனி மொட்டு பருத்து வரும்போது வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து, அன்றோ மறுநாளோ அந்த நாற்றின் மேல் ஒட்டுக் கட்ட வேண்டும். பண்ருட்டிப் பக்கத்தில் இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பலாவின் ஒட்டு எல்லாம் பிடித்துவிடாது; ஆகவே ஐந்தாறு கன்றுகளிலாவது கட்டச் சொல்லுங்கள்.

இதைத் தள்ளிப் போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 2011 டிசம்பர் 30 ஆம் நாள் விடியற்காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் கொல்லை கொல்லையாகச் சாய்ந்தன. என் பாட்டனார் வைத்த தேன்பலாவும் அன்று போயிற்று. ஒரு குச்சியைக்கூட யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. அந்தச் சுளை இனி எங்கும் இல்லை.

ஒட்டுக் கட்ட வாய்ப்பில்லையென்றால், பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றிலிருந்து தேர்வு செய்யப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தால் வெளியிடப்பட்ட பாலூர் 1 ரகத்தின் ஒட்டுக்கன்றை வாங்குங்கள். அது ஆண்டுக்கு இருமுறை காய்க்கக்கூடியது. எந்தப் பலாவாக இருந்தாலும் வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி, நீர் நிற்காத மேட்டில் வையுங்கள். அடிமரத்திலேயே காய்ப்பதால் உச்சியை வெட்டி 12 அடியில் நிறுத்தினாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது; காற்றுக்கும் அது நல்லது. காய்க்கத் தொடங்கியதும் சிறு பிஞ்சுகள் பல கறுத்து உதிர்வதைக் கண்டு கலங்க வேண்டாம். அவை மகரந்தம் கொடுத்து வேலை முடிந்த ஆண் பூங்கொத்துகள்.

கேள்வி: எங்கள் பப்பாளி கொத்துக் கொத்தாகப் பூக்கிறது; ஒரு காயும் இல்லை. என்ன உரம் போடலாம்?
வாசகர் ஒருவர், பாகூர்

பதில்: பூக்கள் நீண்ட காம்பில் சரமாகத் தொங்கினால் அது ஆண் மரம்; எந்த உரமும் அதைக் காய்க்க வைக்காது. வெட்டிவிட்டு, ஆண் மரமே தோன்றாத கோ 7 போன்ற இருபால் ரகத்தை நடுங்கள். பாகூர் களிமண்ணில் பப்பாளியைத் தரையில் நடாமல் இரண்டடி மேடு கட்டி, தை மாதத்தில் நடுவது நல்லது. ஆடியில் வைத்த இளங்கன்று மழைக்கால நீர்த்தேக்கத்தில் ஓரிரு நாளிலேயே தூர் அழுகிப் போய்விடும்.

கேள்வி: நான்கு ஆண்டுக்கு முன் வைத்த ஒட்டுச் சப்போட்டா செழிப்பாக வளர்ந்தும் காய்க்கவில்லை. இலையும் பக்கத்து வீட்டு மரத்தின் இலையைப் போல் இல்லை.
வாசகி ஒருவர், நெல்லிக்குப்பம்

பதில்: இலையின் நுனியைப் பாருங்கள். சப்போட்டா இலை நுனி குறுகி முடியும். தங்கள் மரத்தில் நுனி உருண்டு, நடுவில் சிறிய பிளவு இருந்தால் அது சப்போட்டா அன்று, பாலை. சப்போட்டாவைப் பாலைக் கன்றின் மேல்தான் ஒட்டுவார்கள். பாலை நம் கடலோரக் காடுகளுக்கே உரிய மரம். புதுச்சேரியைச் சுற்றியுள்ள கோயில் காடுகளில் இன்றும் காணலாம். வறட்சியையும் உப்பையும் அது தாங்குவதால்தான் அதன் வேரை நம்புகிறார்கள். ஆனால் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் போத்தை விட்டுவிட்டால் அதுவே ஓங்கி, மேலே உள்ள சப்போட்டாவை நலியச் செய்து கொன்றுவிடும். ஒரு நாற்றங்காலில் நான் வாங்கிய கன்றில் வாங்கும்போதே சப்போட்டா பட்டுப்போய்ப் பாலை மட்டுமே துளிர்த்திருந்தது; மூன்றாண்டு நீரூற்றிய பிறகுதான் உணர்ந்தேன்.

தூரருகே சப்போட்டாக் கிளை ஒன்றாவது உயிரோடு இருந்தால் பாலைப் போத்துகளை அடியோடு நீக்குங்கள், மரம் தேறிவிடும். இல்லையென்றால் புதுக்கன்று வைப்பதே வழி. ஒட்டுப் பகுதி தரைக்கு மேல் அரையடியாவது தெரிய நட்டு, மாதம் ஒருமுறை அதன் கீழே விரலால் தடவிப் பார்த்து, முளை இளசாக இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள்.

கேள்வி: 2024 நவம்பரில் வந்த ஃபெஞ்சல் புயலில் எங்கள் ஐந்து வயது மாமரம் சாய்ந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டோம், இப்போதும் துளிர்க்கிறது. நிமிர்த்தலாமா?
வாசகர் ஒருவர், காலாப்பட்டு

பதில்: இப்போது வேண்டாம். சாய்ந்த இரண்டு மூன்று நாளுக்குள், மண் சேறாக இருக்கும்போது, கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, கயிறு கட்டி மெல்ல இழுத்திருந்தால் நிமிர்ந்திருக்கும். இத்தனை காலத்தில் அது சாய்ந்த நிலையிலேயே புதுவேர் விட்டிருக்கும்; இழுத்தால் அந்த வேர்கள் அறும். வெளியே தெரியும் வேர்களின் மேல் மண் அணைத்து, சாய்ந்த பக்கம் கவைக்கோல் முட்டுக் கொடுங்கள். தண்டிலிருந்து நேராக மேலெழும் துளிர்களில் வலுவான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கினால், அதுவே புதிய தலைமரமாகும். ஆனால் அந்தத் துளிர் ஒட்டுக்கு மேலிருந்து வந்ததா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அறுவடை முடிந்ததும், புரட்டாசிக்கு முன்பாக, நடுக்கிளைகளைக் கழித்துக் காற்று ஊடுருவிச் செல்ல வழி செய்யுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லிப் பசை) பூச மறக்க வேண்டாம்.