ஊர் பேர் இல்லாத பல்

வாசகர் கேள்விகளுக்கு, காரைக்குடியில் இருக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியரின் பதில்கள்

கேள்வி: வீட்டைப் பழுது பார்ப்பதற்காகச் சாமான்களை ஒதுக்கியபோது, ஆயாவின் பெட்டகத்தில் ஒரு சிறிய ஓலைக் கொட்டானுக்குள் துணியில் சுற்றிய கறுப்புக் கல் கிடைத்தது. முக்கோணமாக இருக்கிறது, ஓரம் அரம் போல இருக்கிறது. 'கருடன் நகம்' என்கிறார் எங்கள் வீட்டுப் பெரியவர். பழைய சாமான் எடுக்க வந்தவரோ, 'சுறாப் பல், பத்து லட்சம் வருடத்துப் பழசு' என்று சொல்லி விலை பேசினார். யார் சொல்வது சரி? என்ன விலைக்குப் போகும்?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, படத்தை மட்டும் அனுப்பியிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். போன வாரம் பஸ் ஏறி வந்து, கொட்டானோடு என் மேசையில் வைத்துவிட்டீர்கள். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: அது பல்தான். சுறாப் பல்.

நீங்கள் காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் உருப்பெருக்கியில் பார்த்தது இது. அகலம் என் நான்கு விரல். சாய்வு உயரம் 9 செ.மீ. கூராகப் போகும் பகுதி எருமைக் கொம்பு போல வழவழப்பு. ஓரத்தில் நுண்ணிய அரம்பற்கள், நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராக. வேர் மட்டும் சொரசொரப்பு, கவட்டை போல இரண்டாகப் பிரிகிறது. வேருக்கும் கூர்ப் பகுதிக்கும் நடுவே, அகல விரித்த கவணின் வடிவில் ஒரு மங்கலான பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டைதான் எனக்குச் சாட்சி. இன்றைய வெள்ளைச் சுறாவின் பல்லில் அது கிடையாது. மேலும் வெள்ளைச் சுறாப் பல் 6 செ.மீ. இருந்தாலே பெரியது. உங்களிடம் இருப்பது மெகலோடான் என்ற அழிந்துபோன சுறாவின் பல். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கே 'பெரும் பல்' என்றுதான் பொருள். அந்த இனத்தில் 18 செ.மீ. வரை பற்கள் கிடைத்திருக்கின்றன. ஆகவே உங்களுடையது நடுத்தரம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சாமான்காரர் சொன்ன பத்து லட்சம் போதாது. மெகலோடான் கடலில் இருந்தது சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை. கறுப்பு நிறத்தை வைத்து வயது சொல்லக் கூடாது. புதைந்து கிடந்த சேற்றின் தாதுக்கள் பல்லுக்குள் ஊறியதால் வந்த நிறம் அது. வேறு மண்ணில் கிடந்திருந்தால் அதே பல் பழுப்பாகவோ காவியாகவோ வந்திருக்கும்.

கருடன் நகம் என்றதற்காக வீட்டுப் பெரியவரைக் கேலி செய்யாதீர்கள். ஐரோப்பாவில் படித்தவர்களே இதை 'நாக்குக் கல்' என்று நம்பினார்கள். சந்திர கிரகணத்தின்போது வானத்திலிருந்து விழுவதாகப் பழங்கால ரோமாபுரி எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். மால்டா தீவில் கிடைத்தவற்றைப் பாம்பின் நாக்கு என்றார்கள். பிரபுக்கள் அவற்றை ஒரு வெள்ளி மரத்தில் தோரணமாகத் தொங்கவிட்டு, விருந்தில் மதுக் கிண்ணத்தில் முக்கி விஷம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ பக்கம் ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலையை அறுத்துப் பார்க்கும் வேலை நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டேனிஷ் மருத்துவருக்கு வந்தது. வாயைத் திறந்தவர் நாக்குக் கற்கள் வரிசையாக நிற்பதைக் கண்டார்; மறு ஆண்டே எழுதி வெளியிட்டார். புகழெல்லாம் அவருக்குப் போயிற்று. அவருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1616-இல், இத்தாலிய அறிஞர் ஃபாபியோ கொலோனா இதைச் சொல்லிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

விலை? அதை என்னிடம் கேட்காதீர்கள். நான் கேட்பது வேறு: இது எங்கிருந்து வந்தது? உங்கள் ஐயா கொண்டுவிற்கப் போனது பர்மாவுக்கு என்றீர்கள். மெகலோடான் பல் அமெரிக்காவின் கரோலினா ஆறுகளில் கிடைக்கிறது. பெருவில், சிலியில், ஜாவாவில் கிடைக்கிறது. இரங்கூனில் ஒரு மாலுமியிடம் வாங்கினாரா, கடனுக்கு ஈடாக வந்ததா, யாரைக் கேட்பது? நம் ஊர்ப் பழம்பொருள் கடைகளில் நிலைக் கதவுகள் அடுக்கியிருக்கின்றன. எந்த ஊர், எந்த வீட்டு முகப்பில் நின்றது என்று கேட்டால், 'பர்மாத் தேக்கு' என்று மரத்தின் பெயரைச் சொல்வார்கள். வீட்டின் பெயர் போனது போனதுதான். இந்தப் பல்லும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. கொட்டானையும் சுற்றியிருந்த துணியையும் தூக்கிப் போடாதீர்கள். ஆயாவோடு பழகியவர்கள் யாராவது மிச்சமிருந்தால் இந்த மாதமே போய்க் கேளுங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய மீனுக்குப் பல் மட்டும்தான் மிஞ்சியதா? எலும்பெல்லாம் எங்கே போயின?
– பிளஸ் டூ மாணவர், தேவகோட்டை

பதில்: தம்பி, போனால்தானே எங்கே என்று கேட்பதற்கு? சுறாவுக்கு எலும்பே கிடையாது. காது மடலை மடக்கிப் பார், வளையும். அதே குருத்தெலும்புதான் அதன் உடம்பு முழுவதும். செத்ததும் அழுகிக் கரைந்துவிடும். முதுகெலும்பு வட்டுகளில் சுண்ணம் ஏறியிருந்தால் எப்போதாவது அவை மிஞ்சும். பெல்ஜியத்தில் ஒரே மெகலோடானின் வட்டுகள் நூற்றுக்கு மேல் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம்.

பல்லின் கதை வேறு. அதன் மேல்பூச்சு ஃபுளோரின் கலந்த பாஸ்பேட். பற்பசை விளம்பரக்காரர்கள் கூவி விற்கும் சங்கதி சுறாவுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. போதாததற்கு, அது பல்லைச் சிக்கனமாக வைத்துக்கொள்ளும் பிராணியும் இல்லை. முன்வரிசை விழ விழ, பின்வரிசை முன்னே நகர்ந்து வரும். ஆயுசுக்குள் ஆயிரக்கணக்கில் கொட்டிவிடும். ஒரே சுறா கடலடியில் இத்தனை விதைத்துவிட்டுப் போனால், கோடி வருடம் கழித்துத் தேடுபவன் கையில் வேறு என்ன சிக்கும்?

நேரில் பார்க்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்குப் போ. தொண்டிப் பக்கமிருந்து பால் சுறா வந்திருந்தால், தலையைத் தனியாகக் கேள், சும்மாவே கொடுப்பார்கள். கீழ்த்தாடையின் உட்பக்கத்தை விரலால் தடவாதே, ஈர்க்குச்சியால் ஈறை விலக்கு. படுத்த வாக்கில், ஒன்றன்பின் ஒன்றாக, நாளைய பற்கள் உள்ளே காத்திருக்கும்.

மிச்ச மீனை வீட்டில் புட்டுக்குக் கொடு. வெந்நீரில் போட்டு எடுத்துத் தோலை உரிக்கும்போது உள்ளங்கையில் மணல் மாதிரி நறநறக்கிறதே, அது மணல் இல்லை. அத்தனையும் பல்லின் அமைப்பிலேயே ஆன நுண்ணிய செதில்கள். ஒவ்வொன்றிலும் பல்லைப் போலவே உள்ளே கூழும் மேலே பூச்சும் உண்டு. உடம்பெல்லாம் பல் என்று சொன்னாலும் தப்பில்லை. நாள்பட்ட சுறாவில் அடிக்கும் காரமான நெடிக்குக் காரணம் அதன் சதையில் தங்கும் யூரியா, அம்மோனியாவாக உடைவது. இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம் என்று நம் ஆச்சிமார் தாராளமாக அள்ளிப் போடுவது வீண் ஆடம்பரம் அல்ல.

கேள்வி: ஆழ்கடலில் மெகலோடான் இன்னும் உயிரோடு இருப்பதாகக் காணொளி பார்த்தேன். உண்மையா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: இல்லை. இருந்தால் பல் கொட்டும். கொட்டினால் வெள்ளையாக, புதிதாக ஒன்றாவது வலையில் வரும். இதுவரை வந்ததெல்லாம் கல்லானவைதான். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் பசிபிக் அடித்தரையிலிருந்து அள்ளிய மெகலோடான் பற்களின்மேல் மாங்கனீசு படிந்திருந்தது. அந்தப் படிவின் தடிமனை வைத்துச் 11,000 முதல் 24,000 ஆண்டுகள்தான் ஆகிறது என்று பிற்பாடு ஒருவர் கணக்குப் போட்டார். கணக்குத் தப்பு. காணொளி பிழைத்துக்கொண்டது.

கேள்வி: ஒரு பல்லை வைத்துக்கொண்டு சுறாவின் நீளம், உணவு, உடல் சூடு எல்லாம் சொல்கிறார்களே, கொஞ்சம் அதிகப்படியாக இல்லையா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: நீளத்தைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் நான். 15 மீட்டர் என்றார்கள், 20 என்றார்கள், 2025-இல் வந்த ஆய்வு 24 வரை போகிறது. முழு உடம்பைப் பார்க்காதவரை இந்தப் பேரம் நடந்துகொண்டேதான் இருக்கும்.

உணவுக்குப் பல்லின் வடிவமே போதும். வழுக்கும் மீனைக் குத்திப் பிடிக்க ஊசி போன்ற பல். பெரிய உடம்பிலிருந்து சதையை அறுத்தெடுக்க அகன்ற அரம். சிப்பியை நொறுக்கத் தட்டையான பல். அரிவாள்மனையையும் அம்மியையும் பார்த்தே அடுப்படியில் என்ன சமையல் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

உடல் சூடுதான் எனக்கே ஆச்சரியம் தந்தது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியைப் பார்த்தே இரவு பனி எப்படி என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மாதிரி ஓர் அளவுகோல் பல்லுக்குள்ளேயே இருக்கிறது. கார்பனிலும் ஆக்சிஜனிலும் கொஞ்சம் கனமான வகை ஒன்று உண்டு. பல் உருவாகும் இடம் குளிராக இருந்தால் இந்தக் கனமான இரண்டும் ஒன்றோடொன்று சேர்வது கூடும். சூடாக இருந்தால் குறையும். 2023-இல் இதை அளந்து பார்த்து, மெகலோடானின் உடல் சுற்றியிருந்த கடல்நீரைவிட ஏறத்தாழ 7 டிகிரி சூடாக இருந்தது என்று கண்டார்கள். சூடான உடம்புக்குத் தீனி அதிகம் வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு எதைத் தின்றது என்பதற்குத் தடயமாகப் பல்லில் உள்ள துத்தநாகத்தை அளந்தவர்கள், மெகலோடானும் வெள்ளைச் சுறாவும் ஒரே இரைக்குப் போட்டியிட்டிருக்கலாம் என்றார்கள். பெரிய குடும்பம், பெருஞ்செலவு, வரவு குறைந்த காலம். செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: நம் பக்கம் தோண்டினால் சுறாப் பல் கிடைக்குமா?
– வாசகி, கண்டனூர்

பதில்: ஊருணி தூர்வாரும்போது தேடிப் பயனில்லை. நம் காலடியில் இருப்பது செம்புறாங்கல், அதில் கிடைக்காது. திருச்சி தாண்டி அரியலூர், பெரம்பலூர் பக்கம் போக வேண்டும். அங்கே காரை என்று ஓர் ஊர். காரைக்குடிக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் நின்றது. மெகலோடான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு. டைனோசர்கள் நடமாடிய நாள். 1840-களிலேயே கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தென்னாட்டுப் பாறைகளில் திரட்டிய சுறாப் பற்கள் லண்டன் போய்விட்டன. இந்த நூற்றாண்டில் காரைக் களிமண்ணிலிருந்து டைகோடஸ் என்ற சுறாவின் பல்லும் கிடைத்தது. கொத்திவிட்ட அம்மிக்கல் போல வரிவரியாக இருக்கும், சிப்பி நொறுக்கி.

நானும் ஒருமுறை போனேன். நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாணவர்கள் முப்பது பேர், ஒரு வாடகைப் பஸ். செடி கொடி இல்லாமல் மழை அரித்த சிவப்பு மேடுகள், ஓடைப் பள்ளங்கள். ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணாடிச் சில்லு போல மின்னும். துப்பாக்கி ரவை மாதிரி பெலம்னைட் என்ற கணவாய் மீன் கூட்டத்து மிச்சங்கள் காலில் இடறும். மத்தியானம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கக் குத்துக்காலிட்டபோது, என் செருப்பு முனையில் ஒரு பல். உளுந்தைவிடக் கொஞ்சம் பெரியது. தேன் நிறம். பிறகு சாப்பாடாவது ஒன்றாவது! சாயங்காலத்துக்குள் மேலும் இரண்டு. மூன்றையும் ஒரே மாத்திரைப் புட்டியில் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் பெருமையாகக் குலுக்கிக்கொண்டே வந்தேன்.

அடுத்த மாதம் ஒரு நிலவியல் அறிஞரிடம் கொண்டு காட்டினேன். உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. எந்த மேடு, எந்த அடுக்கு?" என்று கேட்டார். விழித்தேன். முதல் பல் சாப்பிட்ட இடத்தில். மற்ற இரண்டும் ஓடைக்கு இந்தப் புறமா, அந்தப் புறமா? மூன்றில் எது எது? அவர் ஒன்றும் சொல்லாமல் புட்டியை மூடித் திருப்பிக் கொடுத்தார். அடுக்கு தெரிந்திருந்தால் அது கடலின் எந்தக் காலம், எத்தனை ஆழம், கூட வாழ்ந்தவை எவை என்று பேசியிருக்கலாம். நானோ மூன்று உளுந்தைப் பொறுக்கி வந்திருந்தேன்.

ஆகவே நீங்கள் போனால், எடுக்காதீர்கள். கிடக்கிற இடத்திலேயே பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் பிடியுங்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு பல்கலைக்கழகத்து நிலவியல் துறை எதற்காவது எழுதுங்கள். புட்டி இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. மூடியில் காகிதம் ஒட்டி 'காரை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருக்கிறேன்.