கார்பன் கோர்ஸா, சைட் அனுபவமா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சிவில் முடித்து ஊரில் ஐந்து வருடம் சைட்டில் இருந்திருக்கிறீர்கள். இப்போது இங்கிலாந்தில் முதுகலையும் முடித்துவிட்டு வேலை தேடுகிறீர்கள். எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் எம்பாடிட் கார்பன், பார்ட் எல், இபிடி, நெட் ஸீரோ என்று எழுதியிருக்கிறது. இதெல்லாம் நிஜமாகவே சைட்டில் நடக்கிறதா, காகிதத்தோடு சரியா, இதற்கென்று மறுபடியும் ஆயிரக்கணக்கில் பவுண்டு கட்டி ஒரு கோர்ஸ் சேர வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

சேர வேண்டாம். கையில் இருக்கும் காசு போய்விடக் கூடாதே என்று அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பொறுமையாகச் சொல்கிறேன்.

நான் இங்கே வந்து 16 வருடம் ஆகிறது. முதலில் செட்டிங் அவுட் வேலை, அதாவது கட்டடம் எங்கே வரும் என்று தரையில் குறிக்க, டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடப்பது. அப்புறம்தான் சைட் மேனேஜர். நான் வந்த புதிதில் சுற்றுச்சூழல் என்றால் சைட் ஆபீஸ் சுவரில் ஒரு போஸ்டர், வெளியே வெவ்வேறு நிறத்தில் நாலு குப்பைத் தொட்டி. பருவநிலைச் சட்டம் 2008லேயே வந்துவிட்டது. 2050க்குள் நெட் ஸீரோ, அதாவது நாடு வெளியே விடும் கார்பனும் திரும்ப எடுக்கும் கார்பனும் சமமாக வேண்டும் என்ற இலக்கை 2019இல் அதில் சேர்த்தார்கள். ஆனால் அந்தச் சட்டம் என் பூட்ஸ் வரைக்கும் இறங்கி வந்தது 2022இல்தான்.

அந்த வருடம் ஜூன் 15ஆம் தேதி கட்டட விதிகளில் எரிசக்திச் சேமிப்பைப் பற்றிய பகுதியான பார்ட் எல், புது வடிவத்தில் நடைமுறைக்கு வந்தது. புதிதாகக் கட்டும் வீடு, முந்தைய விதிப்படி கட்டிய வீட்டைவிடச் சுமார் 31% குறைவாகக் கார்பன் விட வேண்டும் என்பது கணக்கு. (இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி விதிகள். வேலைக்குப் போகும் ஊர் எது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.) சதவீதத்தை டிசைன் செய்கிறவர் பார்த்துக்கொள்வார். நம் கழுத்தில் விழுந்தது வேறொன்று: ஒவ்வொரு வீட்டுக்கும் போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அஸ்திவாரமும் தரையும் சேரும் இடம், வெளிச்சுவர், கூரை, ஜன்னல் கதவு ஓரங்கள், பிறகு வீட்டுக்குள் பொருத்தும் கருவிகள் என்று ஒவ்வொன்றையும், மேலே அடுத்த வேலை வந்து மூடுவதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டும். பத்து வீட்டில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. எங்கே, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எடுத்தது என்று படத்திலேயே பதிவாகியிருக்க வேண்டும். வீட்டின் எரிசக்திக் கணக்கைப் போடும் எனர்ஜி அசெஸர் அதைப் பார்த்துத்தான் கடைசி அறிக்கையைத் தயாரிப்பார். வீடு வாங்குகிறவர் கைக்கும் அது போகும்.

இதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் தரைக்கு ஸ்கிரீட், அதாவது தரையைச் சமப்படுத்தும் சிமெண்ட் கலவை, போடுகிறோம். ஸ்கிரீட் சுவரைத் தொடாமல் இருக்க ஓரம் முழுக்க 25 மில்லிமீட்டர் கனத்தில் இன்சுலேஷன் பட்டையை நிறுத்தி வைக்க வேண்டும். அது இல்லையென்றால் தரையின் சூடு சுவர் வழியாக நேராக வெளியே போய்விடும். ஒரு வெள்ளிக்கிழமை, ஸ்கிரீட் போடுகிறவர்கள் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். நான் வேறொரு மூலையில் கிரேன்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தரை கண்ணாடி மாதிரி கிடக்கிறது. நல்ல வேலைதான். படம் மட்டும் இல்லை.

அசெஸரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் படம் இருக்கிறது, அதே ஆட்கள், அதே பொருள் என்றேன். அவர் மரியாதையாகவே மறுத்துவிட்டார். சரி, மூலையில் கொஞ்சம் உடைத்துக் காட்டிவிடலாம் என்று ஓரத்தை வெட்டினோம். அங்கே பட்டையே இல்லை. ஒரு ஆள் நீளத்துக்கு ஸ்கிரீட் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பட்டை ஒரு துண்டு குறைந்திருக்கிறது, யாரும் போய் எடுத்து வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கு அசெஸர் என் பேச்சை நம்பியிருந்தால் அந்த மூலையில் பத்துக் குளிர்காலம் கறுப்புப் பூஞ்சை படிந்துகொண்டே இருந்திருக்கும், வீட்டுக்காரருக்குக் காரணமே தெரிந்திருக்காது. அதுவரை போட்டோ எடுப்பதைக் குமாஸ்தா வேலை என்று திட்டிக்கொண்டிருந்தவன் நான். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

இந்த ஊர் விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கின்றன. என்ன கட்டப்போகிறாய் என்பதோடு, என்ன கட்டினாய் என்பதையும் காட்டச் சொல்கின்றன. வரைபடத்தில் இருக்கும் வீடும் சைட்டில் நிற்கும் வீடும் வேறு வேறு என்பது நமக்குத் தெரியாததா?

காற்றுக் கசிவுச் சோதனையும் அதே ஜாதிதான். வாசல் கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்குவார்கள். வெளிச்சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்த பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மணி நேரத்தில், 8 கன மீட்டருக்கு மேல் காற்று கசியக் கூடாது. அது விதியின் உச்சவரம்பு. டிசைனில் பெரும்பாலும் 5 அல்லது அதற்கும் கீழே எழுதியிருப்பார்கள், அதைத்தான் நீங்கள் எட்ட வேண்டும். சோதனைக்கு முந்தின நாள் புகைக் குச்சியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். சமையலறை சிங்க்கின் பின்பக்கம், குளியல் தொட்டியின் பலகைக்கு உள்ளே, ஸ்விட்ச் பெட்டிகள்: புகை ஆடுவது இந்த இடங்களில்தான். பிளம்பர் நாற்பது மில்லிமீட்டர் குழாய்க்கு நூறு மில்லிமீட்டர் ஓட்டை போட்டுவிட்டு, பெட்டியால் மறைத்துவிட்டுப் போயிருப்பார். உலகத்தில் எங்கே போனாலும் பிளம்பர் பிளம்பர்தான்.

காற்றை அடைத்தால் மட்டும் போதாது. வீட்டுக்குள் மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், சமைக்கிறார்கள். அந்த ஈரம் போக வழி வேண்டும். அதற்குக் காற்றோட்ட விதியான பார்ட் எஃப். இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் திட்டங்களே சாட்சி. அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவருக்கு இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் சொன்னது. எண்ணைத் திரும்பப் படியுங்கள், எழுத்துப்பிழை இல்லை. பொருள் கெட்டுப்போகவில்லை. வேலை சரியில்லை, மேற்பார்வையும் இல்லை. உங்களைப் போன்ற சைட் ஆட்களுக்கு வேலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். புதுக் கட்டடத்துக்குப் போட்டி அதிகம். பழைய வீடுகளைச் சரிசெய்யும் ரெட்ரோஃபிட் துறையில் வேலையைக் கண்ணால் பார்த்துத் தப்பைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

அடுத்து, உங்களை மிரட்டும் அந்த எம்பாடிட் கார்பன். சிமெண்ட், கம்பி, செங்கல், கண்ணாடி இதையெல்லாம் தயாரிக்க, ஏற்றி வர, பொருத்த, கடைசியில் இடித்துப்போட ஆகும் கார்பன். இங்கிலாந்து முழுமைக்கும் இதற்குச் சட்டப்படி உச்சவரம்பு எதுவும் கிடையாது. பார்ட் இஸட் என்ற பெயரில் தொழில்துறையினரே ஒரு விதியை எழுதி முன்வைத்திருக்கிறார்கள், அது சட்டம் ஆகவில்லை. ஆனால் 2021 லண்டன் பிளான் படி, மேயரின் பார்வைக்குப் போகும் பெரிய திட்டங்கள் முழு ஆயுள் கார்பன் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். வேறு சில ஊராட்சிகளும் கேட்கின்றன. கடன் கொடுப்பவர்களும் பெரிய வாடிக்கையாளர்களும் கேட்கிறார்கள். விளம்பரங்களில் அந்தச் சொல் வருவது அதனால்தான்.

கணக்கு என்ன பெரிய கணக்கு? அளவு பெருக்கல் காரணி. காரணி என்றால் ஒரு கிலோ பொருளுக்கு எவ்வளவு கார்பன் என்ற எண். ஊரில் எம்-புக், அதான் அளவுப் புத்தகம், எழுதியிருக்கிறீர்கள்தானே? எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை டன் கம்பி என்று எடுத்து ரேட்டால் பெருக்கினீர்கள். இங்கே பவுண்டுக்குப் பதில் கிலோ கார்பன். அந்தக் காரணிகளுக்குப் பிரிட்டனில் ஐசிஇ டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறது, பாத் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இலவசம். கட்டமைப்புப் பொறியாளர் கழகம் கணக்கிடும் முறையை விளக்கும் கையேட்டை இலவசமாகவே கொடுக்கிறது. இபிடி என்பது ஒரு பொருளுக்கு அதைத் தயாரித்த கம்பெனி கொடுக்கும் சுற்றுச்சூழல் ஜாதகம், அவ்வளவுதான். ஒரு வாரம் சாயங்காலத்தில் உட்கார்ந்தால், நீங்கள் ஊரில் கட்டிய ஏதாவது ஒரு ஸ்லாபுக்கு நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அதை ஒரே பக்கத்தில் அடித்து இன்டர்வியூவுக்கு எடுத்துப் போங்கள். சான்றிதழைவிட அதற்கு மரியாதை அதிகம். நான் ஆள் எடுக்கும்போது பார்ப்பது அதைத்தான்.

கணக்குப் போடும்போதே தெரிந்துவிடும், குற்றவாளி சிமெண்ட் என்று. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு கல்லிலிருந்தே வெளியே வரும்; சிமெண்டின் கார்பனில் பாதிக்கு மேல் இந்த வகைதான். சூளைக்குச் சூரிய மின்சாரம் கொடுத்தாலும் இந்தப் பங்கு போகாது. அதனால்தான் சிமெண்டில் ஒரு பாதியை எடுத்துவிட்டு இரும்பு உலைக் கசடைப் போடுகிறார்கள், ஜிஜிபிஎஸ். கார்பன் கணக்கு மளமளவென்று இறங்கும்.

காகிதத்தில் இறங்கும். சைட்டில் ஜனவரி மாதம், 3 டிகிரி குளிர், பாதிக் கசடு போட்ட கான்கிரீட் ஸ்லாப். மூன்றாம் நாள் கியூபை, அதாவது பலம் பார்க்க வார்த்து வைத்த கான்கிரீட் கட்டியை, உடைத்தால் பிஸ்கட் மாதிரி உடைகிறது. கசடு நல்ல பொருள், 28 நாள் கழித்து, 56 நாள் கழித்து நன்றாகவே இறுகும், ஆனால் குளிரில் முதல் வாரம் தூங்கும். ஷட்டரிங் பிரிக்க முடியாது, மேல் தளத்து ஆட்கள் வந்து நிற்பார்கள். நாங்கள் போர்வை போட்டு மூடினோம், கான்கிரீட்டுக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தோம், அப்படியும் பிரிப்பதற்கு நாலு நாள் கூடிவிட்டது. அடுத்த ஸ்லாபுக்கு டிசைனரோடு உட்கார்ந்து கசடைக் குறைத்து, ஸ்லாபின் கனத்தையும் குறைத்தோம். மொத்தக் கார்பன் ஏறக்குறைய அதேதான் வந்தது. இந்தப் பேச்சை நடத்த கார்பனும் தெரிய வேண்டும், கியூபும் தெரிய வேண்டும். மடிக்கணினியோடு மட்டும் வருகிறவருக்கு இரண்டாவது தெரியாது.

இன்னொன்று, கசடை மந்திரப்பொடி என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தில் கிடைக்கும் கசடு ஏறக்குறைய முழுவதும் ஏற்கனவே ஏதோ ஒரு கான்கிரீட்டுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நாம் கூடுதலாக எடுத்தால் வேறு ஊரில் யாரோ கூடுதலாகச் சிமெண்ட் போடுவார்கள். இந்தக் கசடு வருவது ஊதுலையிலிருந்து; வேல்ஸின் போர்ட் டால்பட் இரும்பாலையில் கடைசி ஊதுலையும் 2024 செப்டம்பரில் அணைந்துவிட்டது.

ஒரு கட்டடத்தை இடிக்கலாமா என்பதே இப்போது கார்பன் கேள்வி ஆகிவிட்டது. லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தன் பழைய கடையை இடித்துக் கட்ட அனுமதி கேட்டது. 2023 ஜூலையில் அமைச்சர் மறுத்தார், 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது, டிசம்பரில் வேறொரு அமைச்சர் அனுமதி கொடுத்தார். யார் பக்கம் நியாயம் என்பதில் எங்கள் ஆபீஸிலேயே இரண்டு கட்சி.

மீதிச் சில்லறை விஷயங்கள். வரி குறைந்த சிவப்பு டீசலைக் கட்டுமான இயந்திரங்களில் ஊற்றுவது 2022 ஏப்ரல் 1 முதல் கூடாது; ஊற்றினால் அபராதம் இருக்கிறது. ஜிப்சம் பலகைக் கழிவை மற்ற குப்பையோடு கலக்காதீர்கள். மக்கும் குப்பையோடு சேர்ந்து புதைந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சு வாயு கிளம்பும். குப்பைக் கிடங்கு வரி 2025 ஏப்ரலில் டன்னுக்கு 126.15 பவுண்டாக இருந்தது, மண் கல் வகைக்கு வெறும் 4.05. அந்த வித்தியாசம் போதும், கழிவைப் பிரிக்காதவனைக் கணக்குப்பிள்ளை தேடி வருவார். 2024 பிப்ரவரியிலிருந்து பெரிய திட்டங்கள் உயிர்ப்பன்மையை 10% கூட்டிக் காட்ட வேண்டும், 30 வருடம் பராமரிக்கவும் வேண்டும். அதற்குத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். வேலி கட்டிவைத்த மரத்துக்குப் பக்கத்தில் மண் கொட்டாமல் இருந்தால் போதும், நம் பங்கு முடிந்தது.

கோர்ஸுக்கு வைத்திருந்த காசில் முதலில் பாதுகாப்புத் தேர்வை எழுதி, கட்டுமான ஆட்களுக்கான தகுதி அட்டையான சிஎஸ்சிஎஸ் கார்டு வாங்குங்கள். அது இல்லாமல் பெரும்பாலான சைட்டில் கேட்டைத் தாண்ட முடியாது. நல்ல பூட்ஸ் ஒன்று, உள்ளே கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. வேலை கிடைத்த முதல் நாளே சைட் போனை எடுத்து, கேமராவில் லொக்கேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் வாரப் படங்கள் முழுக்க இடமே பதிவாகாமல் திரும்பி வந்தன.