அப்பாவும் குடித்தார், கணவரும் குடிக்கிறார்… மகனும் குடிப்பானா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. தினமும் குடிக்கிறார், காலையில் கை நடுங்குகிறது. அவருடைய அப்பாவும் குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் அடிப்பாராம். “ரத்தத்திலேயே இருக்கு, மாறாது” என்கிறார் மாமியார். ஒரு மையத்தில் பணம் கட்டினால் ராத்திரியில் வண்டியோடு வந்து தூக்கிப்போய் மூன்று மாதம் வைத்திருப்பார்களாம். அனுப்பலாமா? என் 9 வயது மகனை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. — ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிப்போக எந்த மையத்துக்கும் அதிகாரம் கிடையாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிநோயும் அடங்கும். மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது குற்றம். சட்டம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. கமிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறார்கள். பதிவுச் சான்றைக் கேளுங்கள், மருத்துவர் பெயரைக் கேளுங்கள். “வாங்க, நேர்ல பேசிக்கலாம்” என்றால் போனை வைத்துவிடுங்கள்.

இன்னொரு கும்பல், சாப்பாட்டில் தெரியாமல் கலக்கப் பொடி விற்கிறது. அதில் டைசல்ஃபிராம் (குடியை நிறுத்த மருத்துவர் தரும் மருந்து) இருந்தால், விஷயம் தெரியாமல் அவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ரத்தம் என்கிறார் மாமியார். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் பெல்ட்டும் இருந்ததே? அமெரிக்காவில் சான் டியேகோவில் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 1998இல் வெளிவந்தது. அடி, அவமானம், வீட்டில் குடிப்பவர் என்று நான்கு வகைத் துயரமோ அதற்கு மேலோ சிறுவயதில் பட்டவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் வரும் வாய்ப்பு, எதுவும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை அதிகம்.

என்னிடம் வந்த ஒருவர் சொன்னார்: “அப்பா செருப்பைக் கழட்டுற சத்தத்தை வச்சே இன்னிக்கு அடி உண்டா இல்லையான்னு சொல்லிடுவேன் டாக்டர்.” வயது 45. ஓ.பி.யில் யாரோ கதவை அறைந்து சாத்தியதும் அவர் தோள் தூக்கிப்போட்டது. இப்படி உள்ளுக்குள் எப்போதும் காவல் காக்கும் உடம்புக்கு முதல் குவார்ட்டர் கொடுப்பது போதையை அல்ல, தூக்கத்தை. அவரைக் கட்டிப்போட்டு மொட்டையடித்துத் திருத்துவது பழைய பெல்ட்டையே மறுபடி எடுப்பதுதான். “குடிகாரப் பய” என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்வதும் அதில் சேரும்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். குடிப்பவர் எல்லாரும் ஆஸ்பத்திரியில் படுக்கத் தேவையில்லை; உங்கள் கணவர் படுக்க வேண்டும். காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது. அவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் உளறலாம். இதை வீம்பு, நடிப்பு என்று நினைத்து அறையில் பூட்டுகிறார்கள். அப்படித்தான் செத்தும் போகிறார்கள். மருத்துவர் பார்வையில், மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். சபரிமலைக்கு மாலை போட்டு நிறுத்துவதும் இதே கதைதான், அதனால் மாலைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கூட்டத்தில் இரண்டு நிமிஷம் பார்த்து அனுப்புவார்கள். கடை நடத்தத் தெரிந்த அரசுக்குப் போதுமான ஆலோசகர் போடத் தெரியவில்லை. பெல்ட் கதையை நீங்களாக எடுக்காதீர்கள், குடி நின்றபின் அவரே பேசட்டும். கட்டணமில்லாமல் பேச, குடியை விடுவதற்கு 14446, மனநலத்துக்கு 14416.

பையனைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவுக்கு இருப்பது ஒரு நோய், அதற்கு அவன் காரணமில்லை என்று சொல்லிவையுங்கள். அவன் பயமில்லாமல் போய் உட்காரப் பெரியவர் ஒருவர் போதும். மாமாவோ டீச்சரோ யாராக இருந்தாலும் சரி. அப்புறம், அப்பாவைக் கூட்டி வரச் சொல்லி அவனை டாஸ்மாக் வாசலுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.